சுவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளுக்காக நீங்கள் போட்டிருந்த குறிப்புகளைப் படித்தேன். குக்கர் கேஸ்கட் இரண்டு கூடுதலாக எடுத்துப் போவது, ஊறுகாய் பாட்டிலைச் சுற்றுவது, குளிருக்குச் சட்டை எங்கே மலிவு என்பதெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் ஜெர்மனியைப் பற்றிய பத்தியில், 'வீட்டு இன்டர்நெட் ஓரிரு நாளில் கிடைத்துவிடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பாளையங்கோட்டைக்காரன். 1986-ல் தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, துறை பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அதே வேலையைப் பார்த்து, 2020 ஜனவரி 31-ல் விருப்ப ஓய்வில் வெளியே வந்த பெருங்கூட்டத்தில் ஒருவன். போன் கேட்டு வருஷக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்ற காலத்தையும் பார்த்தேன். 2005-ல் 256 கேபி வேகத்தில் பிராட்பேண்ட் வந்தபோது, வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டுக்கு மோடம் மாட்டப் போனால் தெருவே கூடி நின்று பார்த்ததையும் பார்த்தேன். ஆக, கம்பி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் போயிற்று.

மகளுக்குப் பிரசவம் என்று நானும் என் வீட்டுக்காரியும் 90 நாள் விசாவில் போனோம். மகளும் மாப்பிள்ளையும் அப்போதுதான் ஒற்றை அறையிலிருந்து கொஞ்சம் பெரிய வீட்டுக்கு மாறியிருந்தார்கள். பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பிரசவ மருந்துச் சாமானும் கருப்பட்டியும் உளுந்துமாக ஐம்பது கிலோவை மேலே ஏற்றி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே, "நெட்டு எங்க மாப்ள இருக்கு?" என்று கேட்டேன். "புக் பண்ணியாச்சு மாமா, மூணு வாரத்துல ஆள் வருவாங்க" என்றார். மூன்று வாரமா என்று சிரித்தேன். எங்க அம்மா இருக்கிற வீரவநல்லூரில் கேபிள்காரத் தம்பிக்குப் போன் போட்டு "ஏ தம்பி, நெட்டு வேணும்ல" என்றால், சாயங்காலம் பைக்கில் வந்துவிடுவான். தோளில் ஒரு சுருள் பைபர் (கண்ணாடி இழைக் கம்பி), கையில் ஒரு ஏணி. ரசீதும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது.

அங்கே எல்லாமே தாள். வீட்டு விலாசத்தை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், ஆன்மெல்டுங் என்கிறார்கள். அந்தச் சான்று இருந்தால்தான் மற்ற காரியம் சுலபமாக நடக்கும். மாதக் கட்டணத்தைக் கம்பெனியே பேங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதால் கணக்கு வேண்டும். கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று பார்க்க ஷூஃபா என்று ஒரு பதிவு. புதிதாய்ப் போனவனுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. இதெல்லாம் மாப்பிள்ளைக்குச் சரியாக இருந்தது, ஏற்கெனவே மூன்று வருஷம் இருந்தவர். இடித்தது வேறு இடத்தில்.

ஆள் வருகிற நாள் வந்தது. காலை 8 மணி முதல் பகல் 12 வரை எப்போது வேண்டுமானாலும் வருவார், வீட்டில் இருக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது. நான் ஜன்னலோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றே முக்கால் வரை யாரும் மணி அடிக்கவில்லை. மறுநாள் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல்: 'எங்கள் ஆள் வந்தார், உங்களைக் காணவில்லை, புது நாள் குறித்துக்கொள்ளுங்கள்.' எனக்கு வந்ததே கோபம். நானும் லைன்மேன், போகாமலே 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதுகிற வித்தை எனக்குத் தெரியாதா? அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன்.

ஆனால் அவர் நிஜமாகவே வந்திருக்கிறார். ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருவின் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். உள்ளே எந்த வீடு யாருடையது என்பதைச் சொல்வது வாசலில் இருக்கிற மணிப்பலகையும் தபால் பெட்டியும். அதில் உள்ள பெயர்தான் விலாசம். எங்கள் மணியில் பழைய வாடகைக்காரர் பெயரே இருந்தது. தபால் பெட்டியில் மாப்பிள்ளை தன் பெயரை, நாமெல்லாம் கூப்பிடுகிற பெயரை, ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தார். ஒப்பந்தத்திலோ பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப் பெயர், அதாவது அவருடைய அப்பா பெயர். நம் ஊரில் இனிஷியலாக ஓர் எழுத்தில் அடங்கிக் கிடக்கிற சம்பந்தியார், அங்கே பதினேழு ஆங்கில எழுத்தாக நீண்டு நிற்கிறார். வந்தவர் அந்தப் பதினேழு எழுத்தைத் தேடியிருக்கிறார். இல்லை. போய்விட்டார். மோடம் வந்த பார்சலும் இப்படித்தான் ஒரு தடவை திரும்பிப் போய் மறுபடி வந்ததாம்.

அன்று சாயங்காலமே சம்பந்தியார் பெயரை மணிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். இடம் போதவில்லை, கடைசி நாலு எழுத்து வளைந்து கீழே இறங்கிவிட்டது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். மேலப்பாளையம் தாண்டாத மனுஷன், ஸ்டுட்கார்ட் வாசலில் தன் பெயரைப் பார்த்து ஒரு நாள் முழுக்க எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாராம்.

ஜெர்மன் சட்டம் இந்த விஷயத்தில் வாடிக்கையாளன் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் முதல் அமலில் இருக்கிற தொலைத்தொடர்புச் சட்டப்படி, குறித்த நாளில் ஆள் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், இதில் எது கூடுதலோ அதைக் கேட்டு வாங்கலாம். லைன் பழுதாகி இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் மூன்றாம் நாளிலிருந்து நாள்கணக்கில் ஈடு உண்டு. எங்களுக்குக் கிடைக்கவில்லை, கேட்கவும் வாயில்லை, பெயரை ஒட்டாதது நாங்கள். வீரவநல்லூரில் மழைக்கு மூன்று நாள் நெட் போனால் அந்தக் கேபிள்காரத் தம்பி நமக்கு ஐந்து பைசா தருவானா என்று யோசித்துப் பார்த்தேன். 'அண்ணாச்சி, கரண்டு கம்பத்துல மரம் விழுந்துட்டு' என்பான், நாமும் சரி என்போம்.

இரண்டாவது தடவை ஆள் சரியாக மணி அடித்தார். மேலே வந்து சுவரில் பார்த்துவிட்டு, கீழே கெல்லருக்குப் போக வேண்டும் என்றார். கெல்லர் என்றால் நிலவறை. தெருவிலிருந்து வருகிற கேபிள் அங்கேதான் முடிகிறது. அது பூட்டியிருந்தது. சாவி கட்டடத்தைக் கவனிக்கிற ஹவுஸ்மைஸ்டரிடம், அவர் விடுமுறையில். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார், படியிறங்கினார். இன்னும் பத்து நாள்.

இதற்கிடையில் பேத்தி பிறந்துவிட்டாள். வீரவநல்லூரில் எங்க அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. பூட்டி முறைக்குப் பேத்தி மகளைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, என் தம்பி வீட்டுத் திண்ணையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே மகளுடைய செல்போன் டேட்டாவை வைத்துத்தான் காட்ட வேண்டும். அந்த வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு. பிள்ளை கொட்டாவி விடுகிற நேரம் படம் உறைந்து போகும். பாதி திறந்த வாயோடு அப்படியே நிற்கும். "ஏல, பிள்ளைக்கு என்ன ஆச்சு, அசையல" என்று அங்கே அம்மா பதறுவாள். அந்தப் பக்கம் கண்ணாடி இழை, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இதை ஐரோப்பாவின் பெரிய தொழில் நகரத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது தடவை வந்தவர் நாற்பது வயசுக்காரர், துருக்கி வம்சாவளி என்று மாப்பிள்ளை சொன்னார். இந்தத் தடவை சாவியை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தோம். நானும் கூடவே கீழே போனேன். மிதிவண்டிகள், பழைய நாற்காலிகள், ஈர வாடை. சுவரில் சாம்பல் நிறப் பெட்டி. திறந்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வீடுகளுக்குப் போன் கம்பியைப் பிரித்துவிடுகிற நம்ம தெருமுனை டி.பி. பாக்ஸ் மாதிரியே. எந்தக் கம்பி ஜோடி எந்த வீட்டுக்கு என்று ஒரு குறிப்பும் கிடையாது. அவர் மேலே சுவர்ப்பெட்டியில் டோன் கொடுக்கிற கருவியை மாட்டிவிட்டு வந்திருந்தார். கீழே ஒவ்வொரு கம்பியாக, அந்த டோனைப் பிடித்துச் சத்தம் போடுகிற குச்சியை வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றில்கூடச் சத்தம் இல்லை. நான் டார்ச் பிடித்திருந்தேன். இடது ஓரம், கீழிருந்து இரண்டாவது ஜோடியில் ஒரு கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. செம்பில் ஈரம் ஏறினால் பூக்கும் அதே பச்சை. முப்பத்து நாலு வருஷம் பார்த்த பச்சை. விரலால் காட்டினேன். அவர் குச்சியை அங்கே வைக்க, ரொம்ப மெல்லிசாக 'பீ... பீ...' என்றது. திரும்பி என்னைப் பார்த்தார். "டெலிபோன். இந்தியா. தேர்ட்டி ஃபோர் இயர்ஸ்" என்றேன். "ஆ, கொலேகெ!" என்று சிரித்துவிட்டு, டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கம்பி வெட்டுகிற கட்டரை என்னிடம் நீட்டினார். கொலேகெ என்றால் கூட வேலை பார்க்கிறவர். அந்த முனையை வெட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன், அவர் மாட்டினார். விதிப்படி அது தப்பாக இருக்கலாம். அதனால்தான் அவர் யார், எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை.

மேலே சுவர்ப்பெட்டியைப் பற்றி இரண்டு வரி. டி.ஏ.இ. என்பார்கள். நம் ஊரில் போன் கம்பி வந்து முடிகிற ரோசட் பெட்டிக்குப் பதில் அது. பெரும்பாலும் மூன்று ஓட்டை இருக்கும், என், எஃப், என் என்று எழுதியிருக்கும். மோடம் கம்பி போக வேண்டியது நடுவில் இருக்கிற எஃப். வீட்டில் இதே மாதிரி இரண்டு மூன்று பெட்டி இருந்தாலும் முதல் பெட்டியில் மாட்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புதிய இடத்தில் மோடம் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் உடனே கம்பெனியைத் திட்டாமல் முதலில் இதைப் பாருங்கள்.

விளக்கு நின்றது. நெட் வந்தது. ஆனால் 250 மெகாபிட் என்று வாங்கிய லைனில் 94-க்கு மேல் ஏறவில்லை. இதில்தான் எனக்கு மாப்பிள்ளைமேல் வருத்தம். ஷாப்பிங் மால் கடையில் போய், இருப்பதில் பெரிய எண்ணைக் காட்டி, 24 மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த 250-க்கு முன்னால் சின்ன எழுத்தில் 'பிஸ் சூ' என்று இருக்கிறது. 'வரை' என்று அர்த்தம். 250 வரை! நம்ம டவுன் ரத வீதியில் '50 சதவீதம் வரை தள்ளுபடி' என்று ஜவுளிக்கடையில் போர்டு தொங்குமே, அந்த 'வரை'தான் இது. தெருப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு வருகிற செம்பு எவ்வளவு நீளம், எவ்வளவு பழசு என்பதைப் பொறுத்து வேகம் விழும். இது ஜெர்மனிக்கும் நெல்லைக்கும் ஒன்றுதான். கம்பிக்குத் தேசம் கிடையாது.

அங்கே ஒரு நல்ல வழக்கம்: 2017 ஜூன் முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தகவல் தாள் கொடுத்தே ஆக வேண்டும். அதில் அதிகபட்ச வேகம், வழக்கமாகக் கிடைப்பது, குறைந்தபட்சம் என்று மூன்று எண் இருக்கும். விளம்பரத்தில் வருவது முதல் எண். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி எண். எங்கள் தாளில் அந்தக் கடைசி எண்ணே 150-க்கு மேல். கிடைத்ததோ 94. அரசின் ஒழுங்குமுறை ஆணையம் வேகத்தை அளக்க 'பிரைட்பாண்ட்மெஸ்ஸுங்' என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டு, வைஃபையில் இல்லாமல் லேன் கேபிள் மாட்டி, மூன்று நாளில் முப்பது தடவை அளக்க வேண்டும். எனக்கு அங்கே வேறு என்ன வேலை? பேத்தி தூங்கும்போதெல்லாம் அளந்தேன். அந்த அறிக்கையை அனுப்பியதும் கம்பெனி மறுபேச்சில்லாமல் கட்டணத்தைக் குறைத்தது. கோர்ட் இல்லை, சிபாரிசு இல்லை, ஒரு பி.டி.எஃப். அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் 94-ஏ அந்த வீட்டுக்கு ஏராளம். இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்து, ஒரு கிழவன் யூடியூபில் பழைய பட்டிமன்றம் பார்த்து, பூட்டிக்குப் பிள்ளையைக் காட்ட 50 இருந்தாலே தாராளம். பெரிய எண் வாங்குவது கௌரவத்துக்குத்தான்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் மாட்டுவது அங்கேதான். இணையத்திலோ போனிலோ வாசலில் வந்து விற்கிறவனிடமோ ஒப்பந்தம் போட்டால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம். கடைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் அந்தச் சலுகை சட்டப்படி கிடையாது. முதல் ஒப்பந்தக் காலம் 24 மாசத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 12 மாசத் திட்டம் ஒன்றையும் காட்டியாக வேண்டும். கேட்டால்தான் காட்டுவார்கள். காலம் முடிந்த பிறகு முன்பெல்லாம் தானாக ஒரு வருஷம் நீண்டுவிடும். இப்போது ஒரு மாச அறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 2022 ஜூலையிலிருந்து இணையத்தில் ஒப்பந்தம் போட வைக்கிற கம்பெனி, அதே தளத்தில் ரத்துப் பொத்தானும் வைத்தாக வேண்டும். வீடு மாறினால் புது விலாசத்தில் அதே சேவையைத் தர முடியாதபோது ஒரு மாச அறிவிப்பில் கழன்றுகொள்ளலாம். படித்து முடித்து ஊர் திரும்பிய பிறகும் மாசாமாசம் பணம் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்ன ஒரு பையனை வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன். விலகல் கடிதமே அனுப்பவில்லை. "அறையக் காலி பண்ணிட்டோம்லா, அதுவா நின்னுரும்னு நெனச்சேன் அங்கிள்" என்றான்.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். என் தங்கை மகன் வேறு நகரத்தில் நாலு பையன்களோடு ஒரு வீட்டில் இருந்தான். நெட் இவன் பெயரில். கூட இருந்த ஒருத்தன், ஊரில் செய்கிற மாதிரியே, ரிலீசான புதுப் படத்தை டொரன்ட்டில் இறக்கியிருக்கிறான். டொரன்ட்டில் இறக்கும்போதே நம் கம்ப்யூட்டர் அதை மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். அதாவது திருடுவதோடு விநியோகமும் நாமே. சில வாரத்தில் வக்கீல் அலுவலகத்திலிருந்து கடிதம். ஆப்மானுங், அதாவது எச்சரிக்கை, என்று பெயர். எண்ணூறு யூரோ சொச்சம் கேட்டு. கடிதம் யார் பெயரில் நெட்டோ அவன் பெயருக்குத்தான் வரும். தங்கை விஷயத்தை என்னிடம் சொன்னபோது, எந்தப் படம் என்று கேட்டேன். சொன்னாள். தியேட்டரில் அறுபது ரூபாய்க்குப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்த படம் அது.

நெட் வருகிற வரைக்கும் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒப்பந்தமில்லாத பிரீபெய்டு சிம்மை ஒரு 4ஜி ரவுட்டரில் போட்டுச் சமாளிக்கலாம். 2017-லிருந்து அங்கே பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளம் காட்ட வேண்டும்; பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கம்பெனி கொடுக்கிற ரவுட்டரைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் 2016 ஆகஸ்டோடு போய்விட்டது. மாச வாடகைக்குத் தருகிற பெட்டிக்குப் பதிலாகப் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் என்கிற ரவுட்டரில் பழையது ஒன்றை யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அதுதான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாளையங்கோட்டையிலும் அதைச் சுற்றியும் எத்தனை கல்லூரிகள். வருஷாவருஷம் பிள்ளைகள் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். விசாவுக்கும் ஐ.இ.எல்.டி.எஸ்ஸுக்கும் தெருவுக்கொரு சென்டர் இருக்கிறது. வாடகைக்கு வீடு பார்க்கும்போதே சுவரில் என்ன பெட்டி இருக்கிறது, போன் கம்பியா, டிவி கேபிளா, பைபரா என்று படம் எடு. உனக்கு முன்னால் இருந்தவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள், புக் பண்ணும்போது கேட்பார்கள். எந்த மாடி, இடதா வலதா என்று எழுது. நிலவறைச் சாவி யாரிடம் என்று தெரிந்துகொள். உன் அப்பா பெயரை முதல் நாளே மணியில் ஒட்டு. இதைச் சொல்ல எந்த சென்டரும் இல்லை. அடுத்த தடவை அந்தக் குறிப்புகளைப் போடும்போது ஊறுகாய்ப் பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதற்கும் இடம் கொடுங்கள்.

மகள் அடுத்த மாசம் மறுபடி வீடு மாறுகிறாள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே, நேற்று ராத்திரி, அந்த வீட்டுச் சுவர்ப்பெட்டியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். எஃப் ஓட்டைக்குள் வெள்ளை பெயிண்ட் அடைத்திருக்கிறது. ஊசியால் சுரண்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிகாம் மெக்கானிக்,
பாளையங்கோட்டை.